வாழ்க்கைத்துணையை ஸ்பான்சர் செய்யும்போது எந்தத் திருமணம் கணக்கில் வரும்?

வெளிநாட்டில் குடியேறிய ஒருவர் தம் கணவரையோ மனைவியையோ அங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பிப்பதை ஸ்பான்சர் செய்வது என்கிறோம். அந்தப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு அறிவுரைகள் கூடவே வருகின்றன. சமயச் சடங்கு செல்லாது, பதிவு செய்தால்தான் அது திருமணம் என்பது ஒன்று. பதிவு மட்டும் செய்துகொண்டால் போலித் திருமணம் என்று நிராகரித்துவிடுவார்கள், ஊரறியச் சடங்கோடு செய்தாக வேண்டும் என்பது மற்றொன்று. சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. தெரிந்த யாரோ ஒருவருக்கு நேர்ந்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒருவரின் திருமணம் எந்த நாட்டில் நடந்தது, அவர் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தார் என்ற இரு விவரங்களும், செய்தி வாய்மாறி வாய்மாறி வரும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. அவை இல்லாத அறிவுரையை நம்பிப் படிவத்தை நிரப்பிய தம்பதிகள் நெடுங்காலம் பிரிந்திருக்க நேரலாம் என்பதால், இதன் அடிப்படையைப் பொறுமையாகப் புரிந்துகொள்வது நல்லது.

இக்கட்டுரையில் இரண்டு சொற்களைக் குறிப்பிட்ட பொருளில் பயன்படுத்துகிறேன். அரசு நியமித்த பதிவாளர் முன்னிலையில், சமயச் சடங்கு ஏதுமின்றிச் செய்துகொள்வது பதிவுத் திருமணம். ஒரு சமயத்தின் அல்லது சமூகத்தின் முறைப்படி செய்துகொள்வது சமயத் திருமணம்.

கேட்கப்படுவது ஒரு கேள்வி அல்ல, இரண்டு

குடிவரவு அதிகாரி ஒரு திருமணத்தைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார். இவர்கள் சட்டப்படி கணவன் மனைவிதானா என்பது முதல் கேள்வி. இதைச் செல்லுபடி என்று குறிப்பிடுவோம். இவர்கள் சேர்ந்து வாழும் எண்ணத்தோடுதான் மணந்தார்களா, குடியேறும் உரிமைக்காக மட்டும் மணந்தார்களா என்பது இரண்டாவது கேள்வி. இதை மெய்த்தன்மை என்று குறிப்பிடுவோம்.

முதல் கேள்விக்கு விடை சட்டத்தில் இருக்கிறது. எத்தனை பேர் வந்து வாழ்த்தினார்கள், எவ்வளவு செலவானது என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை. இரண்டாவது கேள்விக்கு விடை இருவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. சான்றிதழில் எத்தனை முத்திரைகள் இருந்தாலும் அது மட்டும் போதாது. மேலே சொன்ன இரண்டு அறிவுரைகளில் முதலாவது செல்லுபடியைப் பற்றியது, இரண்டாவது மெய்த்தன்மையைப் பற்றியது. இரண்டையும் ஒரே கேள்விக்கான விடைகளாக எடுத்துக்கொள்வதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

திருமணத்தைச் செய்யும் பதிவும், திருமணத்தைக் குறித்துவைக்கும் பதிவும்

நம் கையில் இருக்கும் இரண்டு அரசு ஆவணங்களை எண்ணிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ் ஒருவரைப் பிறக்க வைப்பதில்லை. பிறப்பு ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது. சான்றிதழ் அதைக் குறித்துவைக்கிறது, பிறகு அதை நிரூபிக்க உதவுகிறது. ஓட்டுநர் உரிமம் அப்படிப்பட்டதன்று. எவ்வளவு நன்றாக வண்டி ஓட்டத் தெரிந்திருந்தாலும், உரிமம் வழங்கப்படும் நாளில்தான் சாலையில் ஓட்டும் உரிமையே பிறக்கிறது.

சில நாடுகளில், சில சட்டங்களின் கீழ், திருமணப் பதிவு பிறப்புச் சான்றிதழைப் போன்றது: திருமணம் சடங்கில் முடிந்துவிட்டது, பதிவேடு அதற்குச் சாட்சி. வேறு சட்டங்களின் கீழ் அது ஓட்டுநர் உரிமத்தைப் போன்றது: பதிவாளர் முன்னிலையில் உறுதிமொழி சொல்லிக் கையொப்பமிடும்வரை திருமணமே இல்லை. கையில் இருக்கும் தாள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், அது எந்த வகையைச் சேர்ந்தது என்று பலர் கேட்டுப் பார்ப்பதே இல்லை. நான் இதையே எல்லாவற்றுக்கும் முதன்மையான கேள்வியாகக் கருதுகிறேன்.

நடந்த இடத்துச் சட்டம்

விடை எங்கே கிடைக்கும் என்பதற்குப் பெரும்பாலான நாடுகள் ஒரே விதியைப் பின்பற்றுகின்றன. ஒரு திருமணம் எங்கே நடந்ததோ அந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுமானால், பிற நாடுகளும் சில விலக்குகளுக்கு உட்பட்டு அதைச் செல்லும் என்று ஏற்றுக்கொள்கின்றன. அங்கே செல்லாததைப் பொதுவாக இங்கும் ஏற்பதில்லை. இதை நடந்த இடத்துச் சட்ட விதி என்று அழைப்போம். அமெரிக்கக் குடிவரவுத் துறையும் பிரித்தானிய உள்துறையும் இந்த விதியிலிருந்துதான் தொடங்குகின்றன. கனடா ஒரு படி மேலே போய், வெளிநாட்டில் நடந்த திருமணம் அந்த இடத்துச் சட்டப்படியும் கனடாவின் சட்டப்படியும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்று தன் குடிவரவு ஒழுங்குவிதிகளில் எழுதியே வைத்திருக்கிறது.

ஆகவே சமயத் திருமணம் செல்லுமா என்ற கேள்விக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான விடை கிடையாது. பிரான்சில் நகராட்சி மண்டபத்தில் நடப்பது மட்டுமே சட்டப்படியான திருமணம். அதற்கு முன்பே சமயச் சடங்கை வழக்கமாக நடத்திவைக்கும் சமயகுருவுக்கு ஆறு மாதச் சிறையும் 7,500 யூரோ அபராதமும் விதிக்க அந்நாட்டுத் தண்டனைச் சட்டம் இடமளிக்கிறது. ஜெர்மனியிலும் பதிவுத் திருமணத்துக்கே சட்ட மதிப்பு உண்டு. இஸ்ரேல் இதற்கு நேர் எதிர். நாட்டுக்குள் பதிவுத் திருமணம் என்ற ஏற்பாடே இல்லாமல், அங்கீகரிக்கப்பட்ட சமய அமைப்புகள் நடத்திவைப்பவையே திருமணங்களாக இருக்கின்றன.

இங்கிலாந்தும் வேல்ஸும் இடைப்பட்டவை. இங்கிலாந்துத் திருச்சபை நடத்திவைக்கும் திருமணத்துக்கு நேரடியாகச் சட்ட மதிப்பு உண்டு. பிற சமயங்களின் வழிபாட்டிடங்கள் திருமணத்துக்கென்று பதிவு செய்யப்பட்டிருந்து, முன்னறிவிப்பு முதலிய நடைமுறைகளும் நிறைவேறியிருந்தால் அங்கே நடக்கும் திருமணமும் செல்லும். அவை ஏதுமின்றி ஒரு மண்டபத்திலோ வீட்டிலோ சமயச் சடங்கை மட்டும் செய்துகொண்டவர்களைச் சட்டம் மணமானவர்களாகப் பார்ப்பதில்லை. இஸ்லாமிய நிக்காஹ் மட்டும் செய்துகொண்டு நெடுங்காலம் வாழ்ந்த ஒரு தம்பதியின் வழக்கில் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் இரண்டும் ஒரே நிகழ்விலேயே இணைந்துவிடுவதுண்டு. முன்கூட்டியே திருமண உரிமம் வாங்கி, திருமணம் நடத்திவைக்க அதிகாரம் பெற்ற சமயகுருவைக் கொண்டு சடங்கைச் செய்து, உரிய தாளில் கையொப்பமும் இட்டுவிட்டால், அந்தச் சமயத் திருமணமே சட்டத் திருமணமாகிவிடுகிறது. உரிமம் இல்லாமலோ, அதிகாரம் பெறாத ஒருவரைக் கொண்டோ நடத்தினால் அதே சடங்கு வெறும் சடங்காக நின்றுவிடக்கூடும். வந்திருப்பவர்களின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

சுருக்கமாகச் சொன்னால், சமயத் திருமணமா பதிவுத் திருமணமா என்று கேட்பதற்கு முன், திருமணம் நடந்த இடத்தின் சட்டம் எந்தச் செயலைத் திருமணம் என்று கருதுகிறது என்று கேட்க வேண்டும்.

ஒரே நாட்டில் இரண்டு வகையும்: இந்தியா

ஒரே நாட்டுக்குள்ளேயே இரு வகைப் பதிவும் இருக்க முடியும் என்பதற்கு இந்தியா நல்ல சான்று. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மணமக்களில் ஒருவருடைய வழக்கமான சடங்குகளின்படி திருமணம் நடக்கலாம் என்கிறது. தமிழ்நாடு 1967இல் செய்த திருத்தம் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிப்பதாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்வதாலோ, தாலி கட்டுவதாலோ நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கும் சட்ட மதிப்புத் தந்தது. 8ஆம் பிரிவு பதிவைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் பதிவு செய்யாமல் விட்டதால் திருமணத்தின் செல்லுபடி பாதிக்கப்படாது என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதாவது இங்கே பதிவு என்பது பிறப்புச் சான்றிதழ் வகை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியிருப்பதும், நடந்த திருமணத்தைக் குறித்துவைக்கும் கடமையாகவே அமைந்திருக்கிறது.

1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் வேறு வகை. திருமண அலுவலரிடம் முன்னறிவிப்புக் கொடுத்து, 30 நாள் காத்திருந்து, அவர் முன்னிலையிலும் மூன்று சாட்சிகள் முன்னிலையிலும் உறுதிமொழி சொல்லும்போதுதான் அங்கே திருமணம் பிறக்கிறது. இது உரிம வகை.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. 2024 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கில், ஓர் இந்துத் தம்பதி சடங்கு எதையும் செய்யாமல், ஓர் அமைப்பு கொடுத்த சான்றிதழைக் காட்டி இந்துத் திருமணமாகப் பதிவு செய்திருந்தார்கள். சடங்கைப் பிறகு செய்துகொள்வதாக எண்ணம். இடையில் உறவு முறிந்தது. சடங்கு நடக்காத இடத்தில் குறித்துவைக்க எதுவுமே இல்லை என்பதால், சான்றிதழும் பதிவும் செல்லாது, இருவரும் கணவன் மனைவியாக ஆகவே இல்லை என்று நீதிமன்றம் அறிவித்தது. வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கும் அவசரத்தில் இப்படிப் பதிவை மட்டும் முதலில் முடித்துக்கொள்ளும் போக்கு பெருகி வருவதையும் அந்தத் தீர்ப்பு கவலையோடு சுட்டிக்காட்டியது. பதிவுச் சான்றிதழ் இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சடங்கை விரும்பாதவர்களுக்கும், பிறகு செய்துகொள்ள விரும்புபவர்களுக்கும் சிறப்புத் திருமணச் சட்டம் நேர்வழி. இந்துத் திருமணச் சட்டத்தின் பதிவேடு அதற்கு மாற்று ஆகாது.

அழைக்கும் நாட்டின் விலக்குகள்

நடந்த இடத்தில் செல்லும் திருமணத்தையும் அழைக்கும் நாடு சில காரணங்களுக்காக ஏற்காமல் போகலாம். கனடாவில், குடும்பத்தினரை ஸ்பான்சர் செய்வதற்கான குடும்பப் பிரிவில் கணவன், மனைவி இருவரும் 18 வயது நிறைந்தவர்களாக இருக்க வேண்டும். பிரித்தானியாவின் துணைவர் விசாவுக்கும் அப்படியே. முந்தைய திருமணம் சட்டப்படி முடிவுக்கு வராமல் செய்துகொண்ட இரண்டாம் திருமணம், அது நடந்த நாட்டில் செல்லுவதாக இருந்தாலும், இந்நாடுகளில் ஸ்பான்சருக்குப் பயன்படாது. சமய முறைப்படி மட்டும் பெற்ற மணமுறிவும் இதே இடத்தில்தான் சிக்கலாகிறது. மறுமணத்தின் செல்லுபடி முந்தைய மணமுறிவின் செல்லுபடியைத் தாங்கி நிற்பதால், மணமுறிவுத் தீர்ப்பின் நகல் திருமணச் சான்றிதழைப் போலவே முக்கியமானது.

மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல், அவருக்குப் பதிலாக இன்னொருவரை நிறுத்தியோ, தொலைபேசி, இணையம் வழியாகவோ நடத்துவதைப் பதிலாள் திருமணம் என்கிறார்கள். சில சமய மரபுகளும் சில நாடுகளும் இதை ஏற்கின்றன. கனடா 2015 ஜூன் முதல், ஆயுதப்படையினருக்கான சிறு விலக்கு நீங்கலாக, இதைக் குடிவரவுக்கு ஏற்பதில்லை. அமெரிக்கா, அந்தச் சடங்குக்குப் பிறகு இருவரும் நேரில் சேர்ந்து இல்லறம் தொடங்கியிருந்தால் மட்டுமே ஏற்கிறது.

சமயச் சடங்கு உண்மையில் உதவும் இடம்

இனி இரண்டாவது கேள்வியான மெய்த்தன்மைக்கு வருவோம். பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டவர்களை எந்தச் சட்டமும் அதற்காகவே நிராகரிக்கச் சொல்வதில்லை. ஆனால் அதிகாரி உறவு மெய்யானதா என்று எடைபோடும்போது, இருவரும் எப்படிச் சந்தித்தார்கள், எவ்வாறு தொடர்பில் இருந்தார்கள், குடும்பங்களுக்குத் தெரியுமா, திருமணத்துக்கு யார் யார் வந்தார்கள், பிறகு எங்கே சேர்ந்து தங்கினார்கள் என்பவற்றையெல்லாம் பார்க்கிறார். இருவருடைய குடும்பங்களும் சமயச் சடங்கை முக்கியமாகக் கருதும் பின்னணியில், அது நடக்கவே இல்லை என்றால் ஏன் என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. பெற்றோர் எதிர்ப்பு, இருவர் சமயமும் வேறு, சடங்கில் நம்பிக்கையின்மை, விடுமுறை போதாமை என உண்மையான காரணம் எதுவாக இருந்தாலும், அதை விண்ணப்பத்தோடு இணைக்கும் கடிதத்தில் நேரடியாக எழுதிவிடுவதே நல்லது. காரணம் சொல்லப்படாத வெற்றிடம்தான் ஐயத்துக்கு இடம் தருகிறது.

கனடாவில் இந்தச் சோதனை கடுமையானது. குடியேறும் உரிமையைப் பெறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு மணந்திருந்தாலோ, உறவு மெய்யானதாக இல்லாவிட்டாலோ விண்ணப்பம் தோற்கும்; 2010 செப்டம்பரில் செய்த திருத்தத்துக்குப் பின் இவ்விரண்டில் ஒன்று இருந்தாலே போதும். எனவே சடங்கின் படங்கள் ஒரு சான்று மட்டுமே. ஆடம்பரமான விழாவின் ஆல்பத்தை மட்டும் அனுப்பிவிட்டு, அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்டதற்கோ சந்தித்துக்கொண்டதற்கோ எதுவும் காட்டாத விண்ணப்பத்தைவிட, எளிய பதிவுத் திருமணத்தோடு தொடர்ச்சியான உறவைக் காட்டும் விண்ணப்பம் வலுவானது என்பது என் எண்ணம்.

இதுவரை பார்த்ததில், செல்லுபடி சட்டத்தால் முடிவாகிறது, மெய்த்தன்மை சான்றுகளால் எடைபோடப்படுகிறது. அந்நாட்டுச் சட்டம் சமயச் சடங்கையே திருமணம் என்று சொன்னால் சடங்கு இரண்டுக்கும் உதவும். சொல்லாவிட்டால் இரண்டாவதற்கு மட்டுமே உதவும்.

எந்த நாளில் கணவன் மனைவி ஆனீர்கள்?

பதிவும் சடங்கும் மாதக்கணக்கில் இடைவெளிவிட்டு நடக்கும்போதுதான் மிகப் பெரிய இழப்புகள் நேர்கின்றன. இரண்டில் எது முதலில் நடந்தாலும், நடந்த இடத்துச் சட்டம் எதைத் திருமணம் என்கிறதோ அந்த நாளிலிருந்து அவர்கள் மணமானவர்கள். குடும்பம் எதை உண்மையான கல்யாணமாகக் கருதுகிறது என்பது இங்கே எடுபடாது.

அமெரிக்காவின் கே-1 விசாவை எடுத்துக்கொள்வோம். அது அமெரிக்கக் குடிமகன் ஒருவரை மணக்கப்போகிறவருக்கானது. அமெரிக்காவுக்குள் வந்து 90 நாள்களுக்குள் மணம் முடிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன் இந்தியாவில் சமயத் திருமணம் செய்துவிட்டு, பதிவு செய்யாததால் இன்னும் மணமாகவில்லை என்று எண்ணி இந்த விசாவைக் கேட்பவர், தம் நாட்டுச் சட்டப்படி ஏற்கெனவே மணமானவராக இருக்கிறார். அவருக்கு இந்த விசா பொருந்தாது. மனைவி அல்லது கணவருக்கான வழியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்க நிரந்தர வதிவாளரான தாயோ தந்தையோ, மணமாகாத வயதுவந்த பிள்ளைக்காகச் செய்திருக்கும் விண்ணப்பத்தில் இழப்பு இன்னும் கொடியது: வரிசையில் காத்திருக்கும் பிள்ளை மணம் செய்துகொண்ட நாளிலேயே அந்த விண்ணப்பம் தானாக ரத்தாகிவிடுகிறது.

கனடாவில் இது மறுபக்கத்திலிருந்து வருகிறது. அங்கே மணக்கப்போகிறவருக்கென்று தனிக் குடியேற்ற விசா இல்லை. ஒருவர் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும்போது ஊருக்குச் சென்று பதிவுத் திருமணத்தை முடிக்கிறார். சடங்கு அடுத்த ஆண்டுதானே என்று எண்ணி, கனடாவில் குடியேறும் நாளில் தம்மை மணமாகாதவர் என்றே காட்டுகிறார். பின்னர் மனைவியை ஸ்பான்சர் செய்ய முனையும்போது, தாம் குடியேறியபோது அறிவிக்கப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடப்பட்ட துணை குடும்பப் பிரிவில் சேரமாட்டார் என்ற விதி குறுக்கே நிற்கிறது. குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117(9)(ஈ) என்று அந்தப் பிரிவைத் தமிழில் குறிக்கலாம். 2019 செப்டம்பரில் தொடங்கிய தற்காலிகக் கொள்கை சில பிரிவினருக்கு மட்டும் இதிலிருந்து விலக்குத் தருகிறது. திறன்சார் தொழிலாளராகக் குடியேறியவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. விண்ணப்பித்த பிறகு, குடியேறுவதற்கு முன் நடக்கும் எந்தத் திருமணத்தையும் உடனே அறிவித்துவிட்டால் இந்தத் துயரம் முற்றிலும் தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

படிவத்தில் இரண்டு தேதிகள்

இரண்டு நிகழ்வும் நடந்திருந்தால், திருமண நாள் என்று கேட்கும் கட்டத்தில் சட்டம் ஏற்கும் நாளை எழுத வேண்டும். மற்றதை உறவின் வரலாற்றைச் சொல்லும் கடிதத்தில் எழுதலாம். ஸ்பான்சர் செய்பவர் ஒரு தேதியையும் துணை மற்றொரு தேதியையும் எழுதிவிட்டு, நேர்காணலில் இருவரும் தத்தம் மனத்தில் இருப்பதைச் சொன்னால், இருவரும் உண்மை பேசியிருந்தும் முரண்பாடு பதிவாகிவிடும். முந்தைய சுற்றுலா விசா, மாணவர் விசா விண்ணப்பங்களில் மண நிலையை என்னவென்று எழுதினோம் என்பதையும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். தவறாக எழுதியிருந்தால் அதை மறைப்பதைவிடத் திருத்தி விளக்குவது பாதுகாப்பானது. அமெரிக்காவில் இந்தத் தேதிக்கு இன்னொரு பயனும் உண்டு: நிரந்தர வதிவுரிமை கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறையாதிருந்தால், இரண்டு ஆண்டுக்கு மட்டுமான, நிபந்தனைக்கு உட்பட்ட வதிவுரிமை அட்டையே வழங்கப்படுகிறது.

சமயத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று பின்னால் தெரியவந்தால், முந்தைய நிகழ்வை மறைக்காமல், உரிய முறைப்படி மீண்டும் மணந்துகொண்டு அந்த நாளிலிருந்து விண்ணப்பத்தைத் தொடங்கலாம். அதற்கும் வழியில்லாத நிலையில், கனடா ஓராண்டு தொடர்ந்து ஒரே வீட்டில் தம்பதிகளாக வாழ்ந்த துணைவரையும், பிரித்தானியா குறைந்தது இரண்டு ஆண்டு நிலைத்த, திருமணத்தை ஒத்த உறவில் இருக்கும் துணைவரையும் தனிப் பிரிவுகளில் ஏற்கின்றன. அங்கே திருமணச் சான்றிதழின் இடத்தில், கனடாவுக்கு இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் ஒரே முகவரிக்கு வந்த கடிதங்களும், பிரித்தானியாவுக்கு அந்த உறவு இரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து வருவதைக் காட்டும் ஆவணங்களும் வைக்கப்பட வேண்டும்.